மாங்காய் லாரிப் பக்கம்

நல்ல வாழ்க்கை வரலாறு ஒன்று சொல்லுங்கள் என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். பஸ்ஸில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் யாராலும் சும்மா இருக்க முடிவதில்லை. "என்னா புக்குங்க அது, நல்லாருக்குமா?" என்று ஆரம்பித்து, "இந்த மாதிரி உண்மைக் கதையா வேற ஏதாவது சொல்லுங்களேன்" என்று முடிப்பார்கள். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பொய்தான். எனக்குத் தெரிந்த அளவுக்கு மாரண்டஹள்ளியில் யாருக்கும் தெரியாது. திமிராகவே சொல்கிறேன். ஆனால் ஒரு மனிதருக்கு ஒரு புத்தகத்தைக் கைகாட்டுகிற வேலையை நான் விட்டுப் பல காலம் ஆகிறது.

எண்பதுகளில் எனக்கு அதுவே பைத்தியமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அதில் நான் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தேன். காலையிலிருந்து தட தடவென்று மிஷின் சத்தம். கீழே தக்காளி ஏற்றுகிற லாரிகளின் சத்தம். சாயந்திரம் இறங்கி நாலு கடை தாண்டினால் கிளை நூலகம். ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. அந்த ஒரு நாள் எனக்குச் சோறு இறங்காது.

நாவல்கள் எனக்குப் பிடிக்காது. யாரோ ஒருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இட்டுக்கட்டியதற்கு நான் ஏன் அழ வேண்டும் என்று நினைப்பேன். நடந்ததாக இருக்க வேண்டும். ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதை அந்த நூலகத்தில் இருந்தது. மலைக்காட்டில் ரேஞ்சராக இருந்தவர் யானைகளைப் பற்றி எழுதியது, கிணறு வெட்டுகிறவர்களின் வேலையைப் பற்றி ஒன்று, பெரியம்மை நாட்டில் எப்படிப் பரவியது, எப்படி ஒழிந்தது என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மருத்துவச்சி தன் பிரசவங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய ஒல்லிப் புத்தகம். அதை எத்தனை பேர் தலையில் கட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஊரைச் சுற்றிவிட்டு வரும்போது ஓரமெல்லாம் மஞ்சளும் எண்ணெயுமாக இருந்தது. நூலகர் திட்டினார். எனக்குச் சந்தோஷம்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். அதற்கு நூலகர் ஒரு முறை வைத்திருந்தார். புத்தகத்தைப் பற்றி அறிமுகம், பாராட்டு, கருத்துரை எதுவும் கூடாது. சிபாரிசு செய்ய வருகிறவர் எழுந்து நின்று ஒரே ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டும். அதையும் முடிக்கக் கூடாது. எந்த இடத்தில் கேட்கிறவனுக்கு மூச்சு நிற்குமோ அந்த இடத்தில் புத்தகத்தைப் படக்கென்று மூட வேண்டும். உடனே மொத்தக் கூட்டமும் ஒரே குரலில், "மீதி புத்தகத்துல!" என்று சொல்லும். அவ்வளவுதான் சிபாரிசு. மீதியை வெளியே சொல்கிறவரை அந்தக் கூட்டம் ஒரு வழி பண்ணிவிடும். மீதி தெரிந்துவிட்டால் யார் புத்தகத்தை எடுப்பார்கள் என்பது நூலகரின் கணக்கு. மேலிடத்துக்கு அவர் புத்தகம் போன எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருந்தது.

நிறுத்துவதில் நான் கெட்டிக்காரி. மருத்துவச்சியின் புத்தகத்தில், குழந்தையின் தலைக்குப் பதிலாகக் கை முதலில் வெளியே வருகிற இடத்தில் மூடினேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் "ஐயோ" என்று கத்தினார்கள். மறுநாள் காலை இன்ஸ்டிட்யூட் படியேறி ஒரு அம்மா வந்து, "அந்தப் புள்ள பொழச்சுதாங்க டீச்சர்?" என்று கேட்டாள். படிங்க என்று அனுப்பிவிட்டேன்.

வட்டத்தில் பெரிய தலை ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். நான் அடிக்கடி புத்தகம் கொடுத்து, இதைப் படிங்க, அதைப் படிங்க என்று அவரையும் வாழ்க்கைக் கதைகளின் பக்கம் இழுத்திருந்தேன். ஒருநாள், "ஏம்மா, நானே எழுதினா என்ன?" என்றார். எழுதுங்க சார் என்று குதித்தேன். எழுதினார். அவர் கையெழுத்தைக் கடவுளாலும் படிக்க முடியாது. தருமபுரியில் அச்சகக்காரர், டைப் அடித்துக் கொண்டுவந்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார். அந்த வேலை என்னிடம் வந்தது. கூலி வேண்டாம் என்று சொல்லி உற்சாகமாக அடித்தேன். மாரண்டஹள்ளியில் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாகப் போடுகிறார், அதை நான் அடிக்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாதி அடித்தபோது தொப்பூர் வந்தது. அவர் சேலத்தில் காலேஜில் படித்த காலம். லீவுக்கு ஊருக்கு வரும்போது தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுவிடுகிறது. மேலேயிருந்து பிரேக் பிடிக்காமல் வந்த லாரி ஒன்று, சேலத்திலிருந்து பெங்களூருக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு மேடேறிய லாரியை இடித்துக் கவிழ்த்திருக்கிறது. ரோடெல்லாம் மாங்காய். ஜனம் கோணிப்பையோடு ஓடிவந்து பொறுக்குகிறது. அவர் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறார். ஒரு பெண் மட்டும் மாங்காய் பொறுக்காமல் நசுங்கிய கேபினுக்குள் ஏறுகிறாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து வெளுத்த இடது கை. டிரைவருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, உதடு அசைகிறது. அவள் அவன் சட்டைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுக்கிறாள். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றுகிறாள். இரண்டையும் மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போகிறாள்.

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கை என் அம்மாவின் கை.

அம்மா அப்போது தொப்பூரில் ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருந்தாள். கொதிக்கிற சாம்பார் அண்டா சரிந்து கை வெந்ததும் அங்கேதான். லாரிக்காரர்களோடு பேசிப் பேசிக் கன்னடம் கொஞ்சம் வரும். அந்த டிரைவர் சாகும்போது, "மனெகெ கொடம்மா" என்று சொன்னான். வீட்டில் கொடுத்துவிடு என்று அர்த்தம். சுற்றி மாங்காய் பொறுக்குகிற கூட்டம் அடுத்து என்னத்தைப் பொறுக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தப்பிப் பிழைத்த கிளீனரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் கடையைச் சாத்திவிட்டு பஸ் மாறி பஸ் மாறி ஓசூருக்கு அந்தப் பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். துணி முடிச்சில் சேலத்தில் வாங்கிய வெள்ளிக் கொலுசு இருந்தது. என் வயதுதான் இருக்கும் அந்த டிரைவரின் பெண் குழந்தைக்கு. கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அம்மா அழுதுகொண்டே கொலுசை மாட்டிவிட்டாள். குழந்தை ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் சலங் சலங்கென்று ஓடியது. எனக்கு அந்தக் கொலுசின் மேல் ஆசையாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

அடித்த தாளை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் உண்மையிலேயே ஆடிப்போய்விட்டார். "இத்தன வருசமா அந்தம்மாவைத் திருடின்னு நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேனே" என்றார். எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டார். மீதியை நன்றாகவே எழுதினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குழந்தை ஓடியதைப் படித்து நானே அழுதேன். கையை மட்டும் எடுத்துவிடுங்கள் சார், பேர் போடாவிட்டாலும் கையை வைத்து ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கெஞ்சினேன். "கை இல்லைன்னா அந்தப் பக்கம் நிக்காதும்மா. அதுவும் நல்லதுதானே சொல்லியிருக்குது, தெரிஞ்சா என்ன?" என்றார். அம்மாவும், "எழுதிக்கட்டும் போ. நடந்ததத்தான எழுதறாரு" என்றுவிட்டாள்.

நான் ஏன் பயந்தேன் என்பதற்கு அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள். மாரண்டஹள்ளிக்கு வந்த பிறகு அம்மா ஒரு வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். எங்கள் கோவிலைச் சேர்ந்த எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், சாமியாருக்கு அடுத்தபடி கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அம்மாவுக்குத்தான் ஆள் அனுப்புவார். பெண் பிணமென்றால் அம்மாதான் குளிப்பாட்டுவாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாலி, கம்மல், மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றுவாள். வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தைச் சோப்பு போட்டு, வலிக்குமோ என்பது மாதிரி மெதுவாகக் கழற்றுவாள். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வெளியே வந்து வீட்டுக்குப் பெரியவர் கையில் வைத்து, "பாத்துக்குங்க" என்பாள். யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பார்ப்பது அவளுக்கு அவமானம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவள் காசு வாங்கியதில்லை. இட்லிக்கடைக்காரி என்று யாரும் அவளைச் சொல்லவில்லை. பணக்கார வீட்டிலும் "பெரிம்மா வந்துட்டாங்களா" என்று வாசலில் காத்திருப்பார்கள். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே மரியாதை அந்த மூடிய கதவுதான்.

புத்தகம் அச்சாகி வந்தது. அந்த மாத வட்டத்தில் அவரே தன் புத்தகத்தைச் சிபாரிசு செய்வதென்று முடிவானது. எந்தப் பக்கம் சார் என்று முன்கூட்டியே கேட்டேன். தான் சின்ன வயதில் ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பக்கம் என்றார். மழைக்காலத்தில் சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார், தண்ணீர் கழுத்துக்கு வரும், அங்கே மூடிவிடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கூட வைத்திருந்தோம்.

அன்றைக்கு நூலகத்தில் உட்கார இடமில்லை. பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு எங்கள் கோவில் ஆட்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள், ஹெட்மாஸ்டர் புத்தகம் ஆயிற்றே. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. ஆற்றங்கரையெல்லாம் இந்தக் கூட்டத்துக்குப் போதாது என்று பட்டிருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்தைப் புரட்டினார். ஆற்றுக்குப் பதிலாக மாங்காய் லாரி என்று அவர் வாயிலிருந்து வந்தது.

அந்தக் குரலில் கேட்டால் கல்லும் எழுந்து உட்காரும். ரோடெல்லாம் மாங்காய் உருண்டது. வெந்து வெளுத்த கை கேபினுக்குள் போயிற்று. டிரைவரின் உதடு அசைந்தது. கை சட்டைக்குள் நுழைந்தது. கடிகாரம் கழன்றது. மடியில் போயிற்று. அவள் இறங்கி, ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தாள். படக்கென்று மூடினார்.

"மீதி புத்தகத்துல!" என்று கூட்டம் கத்தியது. கைதட்டல் அடங்குவதற்குள் எங்கள் கோவில் பெண்கள் இருந்த பெஞ்சில் ஒரு தலை திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு இன்னொரு தலை.

நான் எழுந்துவிட்டேன். "சார், மீதியையும் படிங்க" என்றேன்.

நூலகர் சிரித்தார். "டீச்சரம்மாவே இப்பிடிச் சொன்னா எப்பிடிங்க? பாதியில நிறுத்தறதுல நீங்கதான எங்களுக்கெல்லாம் குரு."

எல்லோரும் சிரித்தார்கள். "அந்தம்மா திருடலீங்க. சாவறவரு கேட்டுக்கிட்டதுனால எடுத்தாங்க. கொண்டுபோயி அவரு வூட்லயே குடுத்தாங்க" என்று சொன்னேன். உரக்கடை முதலாளி முன் வரிசையிலிருந்து, "அட போங்க டீச்சர், மீதியப் போட்டு உடைச்சுட்டீங்களே. சாரு புக்கு இனிமே எப்பிடி விக்கும்?" என்றார். மறுபடியும் சிரிப்பு. அதற்குள் டீ வந்துவிட்டது. ஆளாளுக்கு டம்ளருக்குக் கை நீட்டினார்கள். ஹெட்மாஸ்டர் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வரும்போது எங்கள் கோவில் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "பெத்த பொண்ணு வேற எப்பிடிடி சொல்லும்?"

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் போன போக்கு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கல்யாணத்துக்கு அன்பளிப்பு அந்தப் புத்தகம். புதுவீடு புகுந்தால் அந்தப் புத்தகம். போகிற வீட்டிலெல்லாம் ஷோகேஸில், தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் அது நின்றது. பார்க்கிறவர்களெல்லாம் பார்க்கிறவர்களிடம், "நம்ம ஹெட்மாஸ்டர் புக்கு, அவசியம் படிக்கணும்" என்றார்கள். உரக்கடை முதலாளி என்னிடமே சிபாரிசு செய்தார். நீங்கள் எதுவரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த மாங்கா லாரிதாங்க, அன்னைக்கு வாசிச்சாரே. என்னா எழுத்துங்க! அப்பிடியே கண்ணு முன்னால நிக்குது."

"அதுக்கப்புறம்?"

"படிக்கணுங்க. எங்க நேரம்?"

ஒருவர் இருவர் இல்லை, எல்லோரும் இதே மாதிரிதான். வாசித்துக் கேட்ட பாதிப் பக்கத்தை வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் படித்த மாதிரிப் பேசினார்கள். மீதி புத்தகத்தில், மீதி புத்தகத்தில் என்று இத்தனை வருடம் கத்திய கூட்டம் ஒரு நாளாவது மீதிக்காகப் புத்தகத்தைத் திறந்ததா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மஞ்சள் பட்ட அந்த மருத்துவச்சிப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். கறையெல்லாம் முன் பக்கங்களில்தான் இருந்தது.

அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, வட்டத்துக்கும் வரமாட்டாள். தானாக அடங்கிவிடும் என்று நம்பினேன்.

கொஞ்ச நாளில் எங்கள் கோவிலில் வசதியான ஒரு குடும்பத்தில் வயசான அம்மா இறந்துபோனாள். தோட்டத்து வீடு. உபதேசியார் வழக்கம்போல ஆள் அனுப்பினார். நானும் அம்மாவோடு போனேன். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனாள். அந்த வீட்டு மருமகள், அன்றைக்கு நூலகத்தில் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தவள், கதவைப் பிடித்துக்கொண்டாள். "நானும் கூட இருக்கறங்க பெரிம்மா. ஒத்தாசைக்கு" என்றாள்.

ஒத்தாசை என்று ஒரு சொம்புத் தண்ணீர்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கதவு பாதி திறந்தே இருந்தது, நான் வெளியிலிருந்து பார்த்தேன். சுவரோரம் நின்றுகொண்டு அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்மலுக்குப் போனால் கம்மலை, மூக்குத்திக்குப் போனால் மூக்குத்தியை. அம்மா எல்லாவற்றையும் கழற்றி வெள்ளைத் துணியில் முடிந்து வெளியே வந்து, அந்த வீட்டுப் பெரியவர் கையில் வைத்து, "பாத்துக்குங்க" என்றாள். மருமகள் எட்டி முடிச்சை வாங்கினாள். எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் நல்ல பிள்ளை மாதிரி, "அப்பிடியே சேலைய ஒரு ஒதறு ஒதறிட்டுப் போங்க பெரிம்மா. தீட்டு ஒட்டாம இருக்கும்" என்றாள்.

எங்களில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். உபதேசியார் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அவள் மடியைத் தளர்த்தி, முந்தானையை விரித்து, எல்லோரும் பார்க்க ஒருமுறை உதறினாள். எதுவும் விழவில்லை. நடந்து வாசலைத் தாண்டினாள்.

அம்மா வீட்டுக்கு வந்து சேலையை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அந்த வாத்தியாரு என்னா எழுதிவெச்சாரு?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"நீ சொன்னத முழுசாத்தாம்மா எழுதினாரு."

"கொலுசக் கொண்டுபோயிக் குடுத்தது?"

"அதுவும் இருக்குது. அந்தக் கொழந்த ஓடினதுகூட இருக்குது."

"அப்புறம் ஏன்?"

"யாரும் அதுவரைக்கும் படிக்கலம்மா."

அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "எனக்குத்தான் படிக்கத் தெரியாது. அவங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள். பிறகு, "இனிமே எந்த வூட்டுக்கும் என்னியக் கூப்புட வேணாம்னு உபதேசியாருகிட்டச் சொல்லிடு" என்றாள்.

நான் நேரே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அடுத்த வட்டத்தில் மீதிப் பக்கத்தை வாசியுங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். "ஒரே புத்தகத்த ரெண்டு தடவ சிபாரிசு பண்றது முறை இல்லியேம்மா. நான் என்ன பொய்யா எழுதிட்டேன்? எல்லாம் புத்தகத்துல இருக்குது. படிக்கிறவன் படிப்பான்."

"யாரும் படிக்கல சார்."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? உங்கம்மா பண்ணின நல்ல காரியத்த உலகத்துக்குச் சொன்னவன் நான். அதுக்கு இந்த மரியாதையா?"

"ஆத்துப் பக்கம் வாசிக்கறேன்னு சொன்னீங்களே சார்."

அவர் எழுந்தார். உள்ளே போய் ஒரு புதுப் பிரதியை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில், தொப்பூரில் நான் கண்ட தாய்க்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அம்மாவிடம் கொடு என்று நீட்டினார். படிக்கத் தெரியாதவளுக்கு. அதை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதோடு அவர் இந்த விஷயத்தைக் கைகழுவிவிட்டார். நான் வட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். கொஞ்ச நாள் நூலகத்துக்கே போகவில்லை.

பிறகு சாவு விழுந்தால் பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண்ணைக் காசு கொடுத்துக் கூட்டிவந்தார்கள். கோவில் மணி துக்கத்துக்கு அடிக்கும்போதெல்லாம் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு யாராயிருக்கும் என்று யோசிப்பாள். சில சமயம் எழுந்து நின்றுவிடுவாள். பிறகு உட்காருவாள். அவளை அப்படி எழுந்து நிற்க வைத்ததற்குத்தான் என்னால் யாரையும் மன்னிக்க முடியவில்லை.

எண்பதுகள் முடிவதற்கு முன் அம்மாவும் போய்விட்டாள். ஒரு காலை நேரம், நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாள், டாக்டரைக் கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது. பாலக்கோட்டுப் பெண்ணைக் கூட்டிவரட்டுமா என்று உபதேசியார் கேட்டார். வேண்டாம் என்றேன். பெற்ற மகள் செய்யக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நானே குளிப்பாட்டினேன். அந்த வெந்த கையைத்தான் கடைசியாகக் கழுவினேன். ஒரு ஜோடிக் கம்மல் தவிர அவளிடம் கழற்ற எதுவும் இல்லை. வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். கொடுக்கத்தான் ஆள் இல்லை. நானே வைத்துக்கொண்டேன்.

வாசலில் பெஞ்சு போட்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. தோட்டத்து வீட்டு மருமகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதிருந்தாள்.

"டீச்சர், எனக்குப் போன மாசம் மஞ்சக்காமால. படுத்தே கெடந்தேன். பொழுது போவாம ஹெட்மாஸ்டர் புக்க எடுத்து முழுசாப் படிச்சங்க. அந்தக் கொலுசு வருதில்லீங்களா, அந்த எடத்துல தேம்பித் தேம்பி அழுதுட்டேன். அப்பிடி ஒரு புக்கு நான் படிச்சதே இல்ல. நீங்க அவசியம் படிக்கணுங்க. உங்ககிட்ட இல்லைன்னா நான் குடுத்தனுப்பறேன்."

அவள் பிடியிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டேன். வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்மல் முடிச்சை இடது கையில் இறுக்கிக்கொண்டு, வலது கையால் என் முந்தானையை விரித்து, அவள் முகத்துக்கு நேரே ஒரு உதறு உதறினேன்.

"தீட்டு ஒட்டக் கூடாதில்லீங்களா" என்றேன்.